ஏழு துண்டுப் புள்ளியன்

ஆற்றங்கரையில் என் பங்குத் தேநீரையும் சேர்த்துக் குடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போலத் தூண்டில் நுனியைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் அன்பு மச்சானுக்கு,

செய்தியை உடனே சொல்லிவிடவா, அல்லது உன்னைக் கொஞ்சம் காக்க வைக்கவா? நீ என்னை எத்தனை தடவை காக்க வைத்திருக்கிறாய்! “பொறு மச்சான், இன்னும் ஒரு வீச்சு” என்று நீ சொல்லிச் சொல்லியே எத்தனை நாள் வீட்டில் சோறு ஆறிப்போயிருக்கிறது. ஆகவே நீயும் பொறு. இன்னும் ஒரு வீச்சு.

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்கு விளங்க வேண்டுமென்றால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். இடையில் புகுந்து திருத்தாதே. உன் வழக்கம் எனக்குத் தெரியும்.

நாம் வந்து குடியேறிய டென்மார்க்கில், டெனிஸ்காரருக்கு ஆறு என்றால் ஒரே எழுத்து. ‘ஓ’ என்று வாயைத் திறந்தால் ஆறு வந்துவிடும். எங்கள் ஆறும் அந்த அளவுதான். கிரின்ஸ்டெட்டை விட்டுக் காரில் வெளியே வந்து, சோள வயல் ஒன்றைத் தாண்டி, மாடுகள் நிற்கிற புல்வெளியின் ஓரமாக நடந்தால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். நன்றாகத் துப்பத் தெரிந்தவன் இந்தக் கரையில் நின்று அந்தக் கரைக்குத் துப்பலாம் என்று நீ சொல்வாய். சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினாய்.

அதில் இருக்கிற ட்ரௌட் மீனுக்குத் தமிழில் பெயர் இல்லையென்று நீயே ஒரு பெயர் வைத்தாய். மண்ணிற முதுகு, மஞ்சள் வயிறு, விலாவில் சிவப்புப் புள்ளி. ஆகவே புள்ளியன். அதே இன மீன்தான், ஆனால் சிறுவயதிலேயே ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போய், அங்கே தின்று பெருத்து, வெள்ளி நிறத்தில் திரும்பி வருகிறது ஒன்று. அது வெள்ளியன். ஒரு தாய்க்குப் பிறந்த குஞ்சுகளில் ஒன்று புள்ளியனாகவே ஆற்றில் இருந்துவிடும், மற்றது வெள்ளியனாகிவிடும். நான் கிரின்ஸ்டெட்டை விட்டு, கடல் உள்ளே புகுந்து கிடக்கிற வைலேக்குக் குடிபோனதும் எனக்கும் அந்தப் பெயரையே சூட்டினாய். தொலைபேசியை எடுத்தால் “என்னடா வெள்ளியன்?” என்பாய். ஒரு மாதிரி இருந்தாலும் பழகிவிட்டது.

வெள்ளியனில் ஐம்பது சென்ரிமீற்றர் என்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கடல் தீனி, வளரத்தானே செய்யும். புள்ளியன் அப்படியில்லை. அந்த ஒடுங்கிய தண்ணீரில், விழுகிற பூச்சியையும் சின்ன மீனையும் நம்பி, நாரைக்கும் நீர்நாய்க்கும் தப்பி, அது ஐம்பதைத் தொடுவது லேசான காரியமில்லை. அதனால்தான் நம் தூண்டில் கழகத்தின் சுவரில் அந்தப் பலகை தொங்குகிறது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை ஐம்பதோ அதற்கு மேலோ உள்ள புள்ளியனைப் பிடித்தவரின் பெயர் அதில் ஏறும். ஆனால் அது கடலைக் கண்டிருக்கக்கூடாது. பண்ணைத் தொட்டியில் வளர்த்து விட்ட மீனாகவும் இருக்கக்கூடாது. ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே பெருத்திருக்க வேண்டும்.

அந்தப் பலகையில் உனக்கிருந்த ஆசை உன் மனைவிக்குக்கூட முழுதாகத் தெரியாது. எனக்குத் தெரியும். கழக வீட்டுக்குப் போகும்போதெல்லாம் காற்சப்பாத்துக் கயிறு கட்டுகிற சாட்டில் அதன் கீழே குனிந்து, பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாய். லண்டனிலிருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாம் “இந்தச் சின்ன ஊரில கிடந்து என்னத்தைக் கண்டாய், இஞ்ச வா” என்று உன்னை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். நீ போகவில்லை. “எனக்கு இந்தத் தண்ணி காணும்” என்றாய். தொழிற்சாலை, வீடு, ஆறு. இந்த மூன்றுக்குள் நீ இருந்த மகிழ்ச்சியை லண்டனில் ஒருவரிடமும் நான் கண்டதில்லை.

ஐம்பதைத் தொடாத மீன் ஒன்றையும் வீட்டு வாசல் மிதிக்க விடமாட்டேன் என்று சபதம் வேறு. பிடிப்பாய், அளப்பாய், முத்தம் கொடுக்காத குறையாக விட்டுவிடுவாய். வருஷக்கணக்காக வெறுங்கையோடு வந்த உன்னைப் பார்த்து என் தங்கை பவானி கேட்டாளே, “இவர் ஆத்துக்குப் போறது மீனைக் குளிப்பாட்டவோ?” என்று. அதைக் கேட்டு நீதான் முதலில் சிரித்தாய்.

பிறகு அந்த இலையுதிர்காலம் வந்தது. மீன்பிடிப் பருவம் மூடப்போகிற நேரம். நான் வைலேயில் களஞ்சிய வேலையில் நின்றேன். நீ தனியே போயிருந்தாய். கைபேசியை வழக்கம்போலக் காருக்குள் வைத்துவிட்டுப் போனதால் படம் இல்லை. மீனை நனைந்த புல்லில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, குசினித் தொட்டியில் கிடத்திவிட்டு, உடம்பெல்லாம் சேறு என்று குளிக்கப்போனாய். குளித்துவிட்டு வந்து, நல்ல சட்டை போட்டுப் படம் எடுத்து, எனக்கும் கழகத்துக்கும் அறிவிப்பதுதான் திட்டம். அந்த நல்ல சட்டைதான், மச்சான், உன்னைக் கெடுத்தது.

பவா முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்தாள். தொட்டியில் மீன். அவளுக்கு என்ன தோன்றும்? மனுசன் கடைசியில் ஒரு மீன் கொண்டுவந்துவிட்டான், வாடுமுன்னம் சமைக்க வேண்டும். செதில் சீவினாள், செட்டை வெட்டினாள், குறுக்கே ஏழு துண்டாக அரிந்தாள், மஞ்சளும் உப்பும் போட்டுப் பிரட்டி வைத்தாள். நீ தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“பவா, தொட்டியில கிடந்தது எங்கயப்பா?”

“அது வெட்டிப் பிரட்டியாச்சு. ஏன், குழம்போ பொரியலோ?”

நீ கதிரையை இழுத்துப்போட்டு அதில் இருந்துவிட்டாய் என்று அவள் சொன்னாள். பிறகு உன் தோள் குலுங்கியதாம். அழுகிறாய் என்று அவள் பயந்துபோனாள். கிட்டப் போய்ப் பார்த்தால் நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

நான் வைலேயிலிருந்து ஓடிவந்தபோது கழகத்து ஹென்னிங் ஏற்கெனவே உன் குசினியில் நின்றார். பலகைக்குப் பொறுப்பான மனிதர், அளவுநாடாவும் கையுமாக வந்திருந்தார். மேசையில் பத்திரிகை விரித்து, தலை முதல் வால்வரை ஏழு துண்டையும் வரிசையாக அடுக்கினோம். தலை இன்னும் சொதிக்குள் போகாதது நாங்கள் செய்த புண்ணியம். கொஞ்சம் தளர்த்தி வைத்தால் ஐம்பத்திரண்டு, நெருக்கி வைத்தால் ஐம்பத்தொன்று. நீளம் சரி என்றார். வெட்டிய செட்டைகளைக் குப்பையிலிருந்து பொறுக்கியெடுத்தார். பண்ணை மீனுக்குச் செட்டை தேய்ந்து குறுகியிருக்குமாம், இது கூர் மழுங்காமல் முழுதாக இருந்தது. ஆற்றில் பிறந்ததுதான் என்றார். நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

பிறகுதான் சிக்கல். இலையுதிர்காலத்தில் ஆற்றுக்கு ஏறி வருகிற வெள்ளியனும் மண்ணிறமாக மாறிவிடும். அந்த நேரத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் வயிற்றின் நிறத்தை உற்றுப் பார்க்க வேண்டும். ஹென்னிங் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்தார். எங்கு பார்த்தாலும் மஞ்சள். கழுவிப் பார்த்தார், இன்னும் மஞ்சள். நம் வீட்டு மஞ்சள் தண்ணீருக்குப் போகிற மஞ்சளா?

“யான்,” என்றார். ஞானசேகரம் என்ற உன் பெயர் அவர்கள் வாயில் என்றைக்கும் யான்தான். “இந்த வீட்டுக்கு வெள்ளி மீன் வந்தாலும் மஞ்சள் வயிற்றோடுதான் வெளியே போகும். செதில் இருக்கிறதா? செதிலைப் பார்த்தால் சொல்லிவிடுவேன்.”

நீ திரும்பி, “பவா, செதில் எங்க?” என்று கேட்டாய்.

“கழுவின தண்ணியோட ஊத்திப்போட்டன்,” என்றாள் அவள்.

ஊற்றிவிட்டாள் என்று நீ டெனிஸ் மொழியில் சொன்னாய். ஹென்னிங் தொட்டியின் ஓட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நானும் அந்த ஓட்டையைத்தான் பார்த்தேன். எங்கே ஊற்றினாய் என்று எங்களில் ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா?

அன்றிரவு ஹென்னிங் நம்மோடு இருந்து சாப்பிட்டார். இரண்டு பொரியல் துண்டும் குழம்பும். மூக்கிலிருந்து தண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டுவிட்டு, “சாட்சியைத் தின்றுவிட்டேன், மன்னித்துக்கொள்” என்று உன் முதுகில் தட்டினார். பலகையில் பெயர் ஏறவில்லை. நீ அதை ஊரெல்லாம் பகிடியாகச் சொல்லித் திரிந்தாய். ஓல்போர்க்கில் தாதியாக இருக்கிற உன் மகள் ஆரணியிடம் தொலைபேசியில் நடித்தே காட்டினாய். ஆனால் கழக வீட்டுக்குப் போனால் நீ பிறகு ஒருநாளும் சப்பாத்துக் கயிறு கட்டவில்லை. அதை நான் கவனித்தேன் மச்சான். கேட்கத்தான் மனம் வரவில்லை.

பவாவுக்கும் அந்த மீன் மனதில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. போன மாரிக் குளிரில் நெஞ்சு நோகிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வராமல்விட்ட பிறகு, அவள் என்னிடம் சொல்லி அழுதது வேறு எதுவுமில்லை. “அவர் என்னட்டை ஒண்டுமே கேட்டதில்லை அண்ணா. ஆசைப்பட்டது அந்த ஒண்டுக்குத்தான். அதையும் நான் வெட்டிப்போட்டன்.” நான் என்ன சொல்லித் தேற்றுவேன்? மீன்தானே என்று சொன்னேன். அது மீன் மட்டுமில்லை என்று எனக்குத் தெரியாதா?

இனிச் செய்திக்கு வருகிறேன். நீ குந்தியிருந்து கேட்க வேண்டிய இடம் இது.

இந்த வசந்தத்தில் பவா என்னைக் கூப்பிட்டாள். விறாந்தைக் கண்ணாடியோரம் நிற்கிற கறிவேப்பிலை மரம் கூரையை முட்டுகிறது, சாடி மாற்ற வேண்டும், தன்னால் தூக்க ஏலாது என்று. போனேன். வெளியே இருக்கிற மண்சாடிக்குள்ளிருந்து உள்ளே இருக்கிற பிளாஸ்ரிக் சாடியை இழுத்தெடுத்தோம். மண்சாடியின் உட்பக்கத்தில், ஈரம் படாத மேல் விளிம்போரமாக, வெயிலில் ஏதோ மினுங்கியது. நகத்தால் சுரண்டினேன். கையில் வந்தது செதில்.

நான் பவாவைப் பார்த்தேன். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணா, நான் மீன் கழுவின முதல் தண்ணியை எப்பவும் கறிவேப்பிலைக்குத்தானே ஊத்திறனான்.”

“அண்டைக்கும் இதுக்கோ ஊத்தினனீ?”

“ஓம். வேற எங்க ஊத்துவன்?”

மச்சான், எனக்கு வந்த சிரிப்பைச் சொல்லி மாளாது. நாங்கள் மூன்று ஆம்பிளைகள் அந்த ஓட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபோது, உன் புள்ளியனின் செதில் நம் முதுகுக்குப் பின்னால் கண்ணாடியோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. மீன் தண்ணீர் கண்டால் கறிவேப்பிலை செழிக்கும் என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததுதான் அன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

உடனே ஹென்னிங்கிடம் ஓடக் கார்த் திறப்பை எடுத்தேன். அவள் மறித்துவிட்டாள்.

“வேண்டாம் அண்ணா. வெள்ளியன் எண்டு சொல்லிப்போட்டால்? இப்ப அவரின்ர மீன் புள்ளியனாயும் இருக்கலாம். அந்த ‘இருக்கலாம்’ எண்டதையாவது விடுங்கோ.”

நான் திறப்பை வைத்துவிட்டேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. செதில்களைக் கவனமாகச் சுரண்டி, ஒரு குங்குமச் சிமிழுக்குள் போட்டு, உன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சாடி மாற்றிய மண்ணைக் கூட்டி அள்ளிவிட்டு வைலேக்கு வந்தேன். வழியெல்லாம் உன்னோடு கதைத்துக்கொண்டுதான் வந்தேன். நீ என்றால் என்ன செய்திருப்பாய்?

அவளுக்கும் அதே கேள்விதான் போலிருக்கிறது. இரண்டு நாள் பொறுத்தாள். ஆரணிக்கு விஷயம் தெரிந்து, ஏன் இன்னும் கொண்டுபோகவில்லை என்று அவள் டெனிசில் தாயை ஏசு ஏசென்று ஏசியிருக்கிறாள். அடுத்தநாள் காலை பவா எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அண்ணா, இவர் எண்டால் அண்டைக்கே கொண்டு ஓடியிருப்பார், என்ன?”

“சட்டை மாத்தாமல் ஓடியிருப்பான்.”

“அப்ப வாங்கோ.”

கழக வீட்டில் ஹென்னிங் நுணுக்குக்காட்டியோடு காத்திருந்தார். சிமிழைத் திறந்து, இடுக்கியால் முதல் செதிலை எடுத்து வைத்துக் குனிந்தார். நெற்றி சுருங்கியது. இப்படி ஒரு மீன் டென்மார்க்கின் எந்த ஆற்றிலும் இல்லையே என்றார். பவா என் காதுக்குள் சொன்னாள்: “அது தமிழ்க் கடை விளைமீனா இருக்கும்.” நான் அதை மொழிபெயர்த்தேன். அவர் அடுத்ததை எடுத்தார். அதுவும் கடை மீன். அதற்கடுத்ததும். உன் வீட்டில் எத்தனை விளைமீன் தின்றிருக்கிறாய் என்று அன்றைக்கு ஹென்னிங்குக்கு முழுக் கணக்கும் தெரிந்துவிட்டது.

பிறகு ஒரு சின்னச் செதில். ட்ரௌட் என்றார். பவா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அது ஒருமுறை விழுந்து திரும்ப முளைத்த செதில், நடுப்பகுதி வெறுமையாக இருக்கிறது, ஒன்றும் சொல்லாது என்று தள்ளி வைத்தார். சிமிழின் அடியில் இன்னும் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஈரப்படுத்தி எடுத்தார். வைத்தார். குனிந்தார். நிமிரவேயில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தார் என்று தெரியாது. கடைசியில் எழுந்து, பவாவை அந்தக் கதிரையில் இருத்தினார். செதிலில் மரத்துக்கு இருப்பதுபோல வளையம் இருக்கும் என்று அவளுக்கு விளக்கினார். தீனி குறைந்தால் வளையம் ஒன்றோடொன்று நெருங்கும், தீனி கூடினால் அகலும். கடலுக்குப் போன மீனென்றால் ஓரிடத்தில் வளையம் திடீரென்று அகன்றிருக்கும். அப்படி எங்காவது இருக்கிறதா, நீயே பார்த்துச் சொல் என்றார்.

பவா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

“இல்லை,” என்றாள். பிறகு தமிழில் என்னைப் பார்த்து, “எல்லாம் ஒட்டி ஒட்டித்தான் கிடக்குது அண்ணா. நடுவில இருந்து கரைவரைக்கும் ஒட்டித்தான் கிடக்குது. இது எங்கயும் போகேல்ல.”

ஹென்னிங் தொப்பியைக் கழற்றிவிட்டு, “யான் பிடித்தது புள்ளியன்தான்” என்றார். நம் சொல்லிலேயே சொன்னார். உன்னிடமிருந்து பிடித்துக்கொண்ட சொல். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். ஆனால் இது அந்த மீனின் செதில்தான் என்று எப்படி நிச்சயம் என்று அவர் கடைசியாக ஒருமுறை கேட்டார். கேட்பது அவர் கடமை. பவா கண்ணைத் துடைத்துக்கொண்டு டெனிசில் சொன்னாள்: “என் வீட்டு வாசலைத் தாண்டிய ட்ரௌட் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் இவர் குளிப்பாட்டி விட்டுவிட்டார்.” உன் சபதம் உனக்கே சாட்சியாகிவிட்டது பார்.

பலகையைக் கழற்றி மேசையில் வைத்தார். தீந்தையும் மெல்லிய தூரிகையும் எடுத்தார். ‘யான்’ என்று எழுதவா என்று கேட்டதற்கு பவா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். முழுப்பெயர் வேண்டுமாம். ஞானசேகரம் என்பதை அவர்கள் எழுத்தில் எழுதி முடிக்கும்போது ஆற்றின் பெயர் எழுத வேண்டிய இடத்திலும் பாதி போய்விட்டது. நல்ல வேளை, ஆறு ஒரே எழுத்துத்தானே.

“நீளம்? ஐம்பத்தொன்றா, ஐம்பத்திரண்டா?” என்று கேட்டார்.

“அம்பத்தொண்டு போடச் சொல்லுங்கோ அண்ணா. நெருக்கி வச்சு அளந்ததுதான் சரி.”

அவர் எழுதினார். தூரிகையைக் கழுவப் போனவர் நின்றார். ஏதோ யோசித்தார். திரும்ப வந்து, குனிந்து, மிகச் சின்ன எழுத்தில் இன்னும் இரண்டு சொல் சேர்த்தார். நாங்கள் எட்டிப் பார்த்தோம்.

ஐம்பத்தொரு சென்ரிமீற்றர். ஏழு துண்டில்.

மச்சான், பவா சிரித்தாள். நீ போனதற்குப் பிறகு நான் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. நீ அன்றைக்குக் கதிரையில் இருந்து சிரித்தது போலவே, கண்ணில் தண்ணீர் வர, தோள் குலுங்கச் சிரித்தாள். “அப்ப என்ர வேலையும் பலகையில ஏறிட்டுது” என்றாள். பிறகு, பலகை திரும்பச் சுவரில் ஏறியதும், அதன் கீழே குனிந்து தன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினாள். கயிறு அவிழ்ந்திருக்கவில்லை. நான் பார்த்தேன். அப்படியானால் அதுவும் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

வாற சனிக்கிழமை அவளை நாம் தூண்டில் போடுகிற ஆற்று வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவளே கேட்டாள். உன் சேற்றுச் சப்பாத்தை இரண்டு காலுறை போட்டு அளவு பார்த்தும் விட்டாள். ஆகவே உனக்கு நான் தருகிற வாக்கு இது: ஐம்பதைத் தொடாததை அந்த இடத்திலேயே விட்டுவிடுவோம். தொட்டதென்றால் முதலில் அளப்பேன், பிறகு படமெடுப்பேன், அந்த இரண்டும் முடியும்வரை மஞ்சள் போத்தல் என் காருக்குள் பூட்டிக் கிடக்கும். தேநீர் மட்டும் உன் பங்கையும் சேர்த்துக் கொண்டுபோவேன். இந்தமுறை அதை நான்தான் குடிப்பேன், நீ பார்த்துக்கொண்டிரு.

உன் மீனை வெட்டியவளின் அண்ணன்,
கடற்கரைக்குப் போனாலும் உன் ஆற்றை மறக்காத மச்சான்,
வைலே வெள்ளியன்